முள் நகராத அரை மணி நேரம்

அத்தியாயம் 9

"ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கேட்டாலும் என்கிட்ட இல்லை" என்று வீட்டுச் சாவியைக் கொடுத்த இன்ஸ்பெக்டர் அருள்பிரகாசம், ஜீப்பில் சாய்ந்து வாய் நிறையக் கொட்டாவி விட்டார்.

"கொட்டாவிக்கு எஃப்.ஐ.ஆர். போட்டா மொத அக்யூஸ்ட்டு இவருதான் மேடம்" என்று கார்குழலியின் காதோரம் முணுமுணுத்தான் தீனா.

கார்குழலி சிரிக்கவில்லை. ஆறு வருடம் சப் இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரி ஒருவரிடம் சொல்லக் கூடாத உண்மையைச் சொல்லிவிட்டு வேலையை உதறியவள் அவள். இப்போது ராயபுரத்தில் ஒற்றை அறையில் துப்பறியும் நிறுவனம். நிறுவனம் என்றால் அவள், நாற்பது வயது தீனா, அவனுடைய ஆட்டோ. அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டரின் கொட்டாவிக்கும் ஒரு நியாயம் இருந்தது. அவரைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது. எம்.கே.பி. நகர் ஏசி மெக்கானிக் பீம்ராவ், மணலி புதுநகரில் இந்த வீட்டின் பழைய ஏசிக்கு முறையான காஸ் போடாமல் மலிவுக்குச் சமையல் காஸை ஏற்றினான். அது படுக்கையறைக்குள் கசிந்தது. ஐந்தாம் நாள் புதன்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்தில் குணசுந்தரி தீக்குச்சியைக் கிழித்தாள். முப்பத்திரண்டு வயது. நாலே நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பீம்ராவ் பதினோரு நாளாகப் புழல் சிறையில் கிடக்கிறான். நாளைக் காலை குற்றப்பத்திரிகை. அது தாக்கலாகிவிட்டால் அவனை வெளியே கொண்டுவர எத்தனை வருடம் ஆகுமோ, யாருக்குத் தெரியும்?

இதில் கொடுமை என்னவென்றால், புருஷனை மாட்டிவிட்டதே பெண்டாட்டி ரமாபாய்தான். தெரியாமல் செய்த காரியம். போலீஸ் வீட்டுக்கு வந்தபோது பெருமை தாங்காமல் சொல்லியிருக்கிறாள்: "எங்க வூட்டுக்காரரு வேலைய முடிச்சதும் மூடி மேல என் நெயில் பாலிஷால ஒரு கோடு இழுத்துடுவாரு சார். வேற எவனாச்சும் தொறந்தா கோடு ஒடிஞ்சி பூடும். போய்ப் பாருங்க, அவரு மேல தப்பு இல்லன்னு தெரியும்."

போய்ப் பார்த்தார்கள். மொட்டை மாடியில் இருந்த வெளி யூனிட்டில், காஸ் ஏற்றும் வாயை மூடிய பித்தளை மூடிமேல் சிவப்புக் கோடு ஒடியாமல் அப்படியே இருந்தது. உள்ளே மிச்சமிருந்ததோ சமையல் காஸ். வேறு யாரும் திறக்கவில்லை என்றால் ஏற்றியவன் பீம்ராவ்தானே? அன்றிலிருந்து ரமாபாய் சரியாகச் சோறு தின்னவில்லை. கார்குழலியைத் தேடி வந்தவளும் அவள்தான்.

இப்போது கீழே ஆட்டோவில் உட்கார்ந்து கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கார்குழலியும் தீனாவும் கருகிய அறையைத் தாண்டி மாடிக்கு ஏறினார்கள்.

வெளி யூனிட்டின் மேல் தகட்டைத் தீனா கழற்றினான். உட்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் குண்டு குண்டாக எழுதியிருந்தது. '18 சனி. வேக்யூம் 45 நிமிடம். நிறுத்தி 30. முள் அசையல. ஆர்-22, 1100 கிராம்.'

"இன்னா மேடம் இது, ஆளு ஏசி ரிப்பேரு பண்ணாரா, ஜாதகம் கணிச்சாரா?"

"காஸ் ஏத்தறதுக்கு முன்னாடி பைப்புக்குள்ள இருக்கற காத்து, ஈரம் எல்லாத்தையும் பம்பு வச்சு உறிஞ்சி எடுக்கணும் தீனா. அதுதான் வேக்யூம். அப்புறம் பம்பை நிறுத்திட்டு மீட்டரையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும். அரை மணி நேரம் முள் அசையாம நின்னா எங்கேயும் ஓட்டை இல்லைன்னு அர்த்தம். அதுக்கப்புறம்தான் சிலிண்டரைத் தராசுல வச்சு, கிராம் பார்த்து ஆர்-22ங்கற ஏசி காஸை விடணும்."

"எங்க ஏரியாவுல ஒருத்தன் வருவான். காஸைத் தொறந்து உடுவான், புஸ்ஸுன்னு ஒரு சவுண்டு வுடும், துட்ட வாங்கிகினு போய்க்கினே இருப்பான். பத்து நிமிசம்."

"நிறையப் பேர் அப்படித்தான். இவர் அப்படியில்லை. ஆனா ஒரு இடத்துல பொய் சொல்லியிருக்கார். அந்த அரை மணி நேரம் எங்கே இருந்தேன்னு கேட்டதுக்கு, முனை டீக்கடைக்குப் போனேன்னு சொன்னார். டீக்கடைக்காரர், இந்த ஆள் வரவே இல்லைங்கறார். ஒரு பொய் போதாதா இன்ஸ்பெக்டருக்கு?"

பேசிக்கொண்டே அவள் மூடிக்கு முன்னால் குந்தினாள். கோடு நேராகத்தான் இருந்தது. மூடியிலிருந்து கீழே வால்வு வரை ஒரே இழுப்பு. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். வெயில் பட்டதும் கோட்டுக்குள் ஏதோ மின்னியது. கைக்குட்டையால் தூசியைத் துடைத்தாள். இன்னும் நன்றாக மின்னியது.

"தீனா, ரமாபாயைக் கூப்பிடு."

ரமாபாய் மூச்சு வாங்க மேலே வந்தாள். குனிந்து மூடியை உற்றுப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு குட்டிப் பாட்டிலை எடுத்துக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுடையது வெறும் சிவப்பு. குங்குமச் சிவப்பு.

"இது என்னுது இல்ல மேடம். இதுல ஜிகினா கீதே! நான் எந்தக் காலத்துல ஜிகினா போட்டேன்?" என்றவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அந்த போலீசுகாரரு என்கிட்ட ஒரு வாட்டி காட்டிக் கேட்டுருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே!"

கேட்கவில்லை. கோடு இருக்கிறதா என்று பார்த்தவர்கள், யாருடைய கோடு என்று பார்க்கவில்லை. கார்குழலி நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள். ஜிகினாச் சிவப்பு உரிந்து வர, அடியில் வெறும் சிவப்பு பிசிறு பிசிறாகத் தெரிந்தது. பீம்ராவ் போட்ட கோட்டை யாரோ ஒடித்து, மூடியைத் திறந்து, வேலையை முடித்து, மூடி, மேலே புதுக் கோடு இழுத்திருக்கிறார்கள்.

"யாரோ ஒரு பொம்பளையோட பாட்டிலு" என்றான் தீனா. "ஊருல கீற அத்தினி பொம்பள கால் வெரலையும் செக் பண்ணணுமா மேடம்? எனக்கு வேற வேலை கீது."

"வேண்டாம். இந்த வீட்டுல இருந்தே ஆரம்பிக்கலாம்."

கீழே தெருவில், "நண்டே... இறாலே..." என்ற குரல் போனது. முகத்துவாரக்குப்பத்திலிருந்து கூடையோடு வரும் கெங்கம்மா. தினமும் இந்தத் தெருவுக்கு வருகிறவள். வழக்கில் ஒன்பது சாட்சிகள், எல்லாரும் மாடி வீட்டுக்காரர்கள். மீன் விற்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றவில்லை.

வாசலில் கூடையை இறக்கி வைத்த கெங்கம்மா, எரிந்த ஜன்னலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நெயில் பாலிசா? நான்தாம்மா வாங்கியாந்து குட்த்தேன், திருவொத்தியூரு கடையில. இந்த வூட்டுப் பொண்ணு ஜிகினா போட்டது வேணும்னு ஆசையாக் கேட்டுச்சு. கால் வெரல்ல பூசிக்கினு வெயில்ல நீட்டிப் பாக்கும். பச்சக் கொழந்த கணக்கா சிரிக்கும். அஞ்சு மணியாச்சுன்னா தொடச்சிடும்."

"ஏன்?"

"ஏன்னா? புருசன்காரன் அந்த ஆளு வந்துடுவானே! பொட்டு கொஞ்சம் பெருசா வச்சாலே யாருக்காவன்னு கேக்கறவன். பாட்டில அரிசி டின்னுக்குள்ள பொதைச்சு வச்சிருந்துச்சு பாவம்."

"ஏசி மெக்கானிக் வந்த அன்னிக்கு நீங்க இங்கே வந்தீங்களா?"

"வந்தேனே. அந்த மனுசன் மாடிப்படியில குந்திகினு டீ குடிச்சிகினு இருந்தாரு. இன்னா நைனா, வேலை செய்யாம குந்தினு கீறேன்னேன். முள்ளு நகருதான்னு பாக்கணும் ஆயா, அர மணி ஆவும்னாரு. கடைக்குப் போறேன்னவர இந்தப் பொண்ணுதான் போவ வேணாம்னு டீ போட்டுக் குட்த்துச்சு. அந்த அர மணிக்குள்ள புருசன்காரன் மூணு வாட்டி போன் பண்ணிட்டான். 'மெக்கானிக்கு போயிட்டானா, போயிட்டானா'ன்னு. மூணாவது வாட்டி போன வச்சதும், நான் டீ குட்த்தேன்னு யாராண்டயும் சொல்லிடாதீங்கண்ணான்னு அந்த மனுசன்கிட்ட கேட்டுச்சு. சொல்ல மாட்டேம்மான்னாரு."

ரமாபாய் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். செத்துப் போனவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த மனுஷன் பதினோரு நாளாகத் தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

"அந்தப் புதன்கிழமை?"

கெங்கம்மா கூடையின் விளிம்பைத் தடவினாள். "அன்னிக்கும் வந்தேன். அஞ்சரை மணி. ரூமாண்ட ஒரு நாத்தம் அடிக்குதுக்கான்னு சொல்லிகினே வெளிய வந்துச்சு. அப்ப அவன் போன் வந்துது. ஸ்பீக்கர்ல போட்டுச்சு, கையெல்லாம் இறால் ஈரம். 'கம்பெனி நாத்தம் அடிக்குதா? ஜன்னல சாத்திகினு உள்ள ஏசி போட்டுகினு குந்து'ன்னான்."

"நாத்தம் அடிக்குதுன்னு குணசுந்தரி அவன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியா?"

"அது வாயே தொறக்கல. எடுத்ததும் அவனேதான் சொன்னான்."

கம்பெனி நாற்றத்துக்கு ஜன்னலைச் சாத்துவது மணலி புதுநகரில் ஒரு அதிசயமும் இல்லை. வெயிலுக்காக ஏசி வாங்கியவர்கள் இங்கே பாதிப் பேர்தான். மீதிப் பேர் வாங்கியது நாற்றத்துக்கு. ஆலைப் பக்கமிருந்து காற்று திரும்பினால் போதும், ஜன்னலைச் சாத்து, ஏசியைப் போடு. பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லித்தர வேண்டாம். காஸ் வாசனை வந்தால் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்பது ஊர் உலகத்துக்குப் பாடம். இங்கே மட்டும் அது தலைகீழ்.

"ஆனா அன்னிக்குக் கம்பெனி நாத்தம் இல்லம்மா" என்றாள் கெங்கம்மா. "வாடைக் காத்து. வடக்கால இருந்து அடிச்சிகினு இருந்துச்சு. கடல்ல போறவன் வூட்டுப் பொம்பள நான், எனக்குத் தெரியாதா? அந்தக் காத்துல கம்பெனி நாத்தம் தெக்கால பூடும், இந்தப் பக்கம் எட்டியே பாக்காது. வெளிய ஒரு நாத்தமும் இல்லையேன்னு சொன்னேன். அவரு சொல்லிட்டாருக்கா, சாத்தலன்னா வந்து கேப்பாருன்னு உள்ள போயிடுச்சு. நான் கூடைய எடுத்துகினு போய்ட்டேன். பாவி, போய்ட்டேன்!"

தீனா குனிந்து அவளுடைய கூடையை நிழலுக்கு நகர்த்தி வைத்தான்.

ஒரு மணி நேரம் முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது அருள்பிரகாசம் வந்தார். பின்னாலேயே மோட்டார் பைக்கில் ஜெகதீசன். குணசுந்தரியின் கணவன். பன்னிரண்டு நாள் தாடி, இஸ்திரி போட்ட சட்டை, கையில் இரண்டு தண்ணீர் பாட்டில். எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை.

"வெயில்ல நின்னுகிட்டிருக்கீங்களே மேடம், குடிங்க" என்று ஒன்றை நீட்டினான். கார்குழலி வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"சார், ஒரே ஒரு சந்தேகம். ஏசிக்கு காஸ் ஏத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"எனக்கு அதெல்லாம் என்ன தெரியும் மேடம்? நான் யார்டுல பேப்பர் வேலை பார்க்கறவன்."

"இல்லை, பீம்ராவ் மூணு மணிக்கு வந்து அஞ்சு மணிக்குத்தான் போயிருக்கார். முழுசா ரெண்டு மணி நேரம். பம்பு போட முக்கால் மணியாம். அப்புறம் முள் அசையுதான்னு பார்க்க அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கணுமாம். அதுவரைக்கும் உங்க வீட்டம்மாதான் டீ போட்டுக் குடுத்துப் பேசிட்டிருந்திருக்காங்க. நல்ல மனசு."

ஜெகதீசன் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நெளிந்தது. அருள்பிரகாசம் ஏதோ சொல்ல வந்தார். கார்குழலி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பொறுமையான மனுஷன்தான், இல்லையா? அரை மணி நேரம் ஒரு முள்ளைப் பார்த்துக்கிட்டு..."

"எவன் மேடம் பார்ப்பான்?" வெடித்துவிட்டது. "அரை மணி நேரமாம், முள்ளாம்! சின்ன பைப்புல லேசா காஸைத் தொறந்து வுட்டா, பெரிய பைப்பு வழியா காத்து தானா வெளிய பூடும். டைட் பண்ணிட்டு கெளம்ப வேண்டியதுதான். பத்து நிமிஷ வேலை! ரெண்டு மணி நேரம் வூட்டுக்குள்ள அவனுக்கு இன்னா வேலைன்றேன்? எட்டு வருஷம் யார்டுல குளிர்ப்பெட்டி கன்டெய்னருக்கு நான்..."

நின்றுவிட்டான்.

"எட்டு வருசம் பேப்பர்லதான் காஸ் அடிச்சியா நைனா?" என்றான் தீனா.

அருள்பிரகாசத்தின் முகத்தில் தூக்கம் போய்விட்டது. கார்குழலி குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை உங்களுக்கு வார லீவு, உங்க வாக்குமூலத்துலயே இருக்கு. குணசுந்தரி கோயிலுக்கோ கடைக்கோ போன நேரம். பீம்ராவ் போட்ட காஸைத் திறந்து விட்டுட்டு, சமையல் காஸை ஏத்தினீங்க. உள்ளே படுக்கையறையில ஏசி பைப்போட நட்டைத் தளர்த்தினீங்க. மூடியில கோடு இருக்கறதைப் பார்த்தீங்க. அது ஒடிஞ்சா அவர் தப்பிச்சுடுவார்னு உங்களுக்குப் புரிஞ்சது, எட்டு வருஷத் தொழில் இல்லையா? அதனால புதுசா ஒரு கோடு போட்டீங்க. பெண்டாட்டியும் போகணும், ரெண்டு மணி நேரம் வீட்டுல இருந்தவனும் போகணும். பாட்டில் எங்கே?"

"இன்னா பாட்டிலு?"

"அரிசி டின்னுக்குள்ள இருந்தது. பீம்ராவ் போட்டது வெறும் சிவப்பு. உங்க கோட்டுல ஜிகினா இருக்கு."

அவன் மாடிப் பக்கம் ஒரு முறை பார்த்தான். ஜிகினா இருப்பதை அவன் கவனிக்கவே இல்லை என்று அந்த முகம் சொன்னது. பதினோரு வருடம் கூட வாழ்ந்தவள் ஆசைப்பட்டு வாங்கிய ஒன்றே ஒன்றை, அதில் என்ன மின்னுகிறது என்றுகூடப் பார்க்காமல் எடுத்துப் பூசியிருக்கிறான்.

"கால்வாயில தூக்கிப் போட்டேன்" என்றான் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. "யாருக்காகப் பூசினா? அதச் சொல்லுங்க மேடம் மொதல்ல. எனக்குத் தெரியாம வாங்கி, எனக்குத் தெரியாம பூசி, நான் வரதுக்குள்ள தொடச்சா இன்னா அர்த்தம்? டின்னுல அந்தப் பாட்டிலக் கண்டுபுடிச்சி நாலு நாள் கேட்டேன். வாயே தொறக்கல. யாருக்காக?"

"அவளுக்காக" என்றாள் கார்குழலி.

ஜெகதீசன் அவளை வெறித்துப் பார்த்தான். அந்தப் பதில் அவனுக்குப் புரியவில்லை. நம்பவும் இல்லை. அருள்பிரகாசம் அவன் தோளைப் பிடித்து ஜீப்பில் ஏற்றும்போதும், "அவ போன பாருங்க சார், நம்பர் இருக்கும், அவ போன நல்லாப் பாருங்க" என்றுதான் சொல்லிக்கொண்டு போனான்.

"கோட்டை நான் சரியாப் பார்த்திருக்கணும்" என்றார் அருள்பிரகாசம், யார் முகத்தையும் பார்க்காமல். "நாளைக்குக் காலையில பீம்ராவ் விஷயமா நானே கோர்ட்டுல மனு போடறேன்."

"போடுங்க" என்றாள் கார்குழலி. நன்றி சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

ஆட்டோ தெருமுனை திரும்பியதும் ரமாபாய், "அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். எதிரே ஒரு ஃபேன்சி ஸ்டோர். "பழைய பாட்டிலு அடியோட அடியா கீது மேடம். வந்ததும் வேலைக்குக் கெளம்புவாரு, புதுசு ஒண்ணு வாங்கிடறேன். பாத்தீங்களா, அவரு வேலையில எவ்ளோ சுத்தம்! அந்தச் சுத்தம்தான் மேடம் அவரக் காப்பாத்துச்சு." பன்னிரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தபடி கடைக்குள் போனாள்.

தீனா கண்ணாடியில் கார்குழலியைப் பார்த்தான்.

"மேடம். மெய்யாலுமே சொல்லுங்க. பீம்ராவு எங்க ஏரியா மெக்கானிக்கு மாதிரி பத்து நிமிசத்துல புஸ்ஸுன்னு அடிச்சிட்டுப் போயிருந்தா, அந்தம்மா இன்னிக்கு உயிரோட இருந்திருக்கும் இல்ல?"

"இருந்திருப்பா."

"இத ரமாபாயாண்ட சொல்லிடப் போறீங்களா?"

"மாட்டேன். நீயும் சொல்லாதே. நாளைக்கு இன்னொரு வீட்டுல பீம்ராவ் பம்பை வச்சுட்டு அரை மணி நேரம் உட்காரணும்."

தீனா தலையாட்டினான். காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீசத் தொடங்கியிருந்தது. அந்த நாற்றம் மெல்ல வந்து சேர்ந்தது. பேசி வைத்துக்கொண்டதுபோலத் தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார்கள். ஏசிகள் உறுமத் தொடங்கின.

ரமாபாய் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தாள். கையிலிருந்த சின்னப் பாட்டிலைக் கார்குழலியிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் வெயில்ல பாருங்க மேடம். இதுல ஜிகினா இல்லியே?"

கார்குழலி அதை வாங்கி வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"இல்லைம்மா. சாதா சிவப்புதான்."